கை படாத சுருதி

டெல்மர் டார்டாரின் பாட்டை முதல்முறை கேட்கிற எவரும், எங்கோ ஒரு படகு எஞ்சின் சாகப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. கிட்டார் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே போய், இதற்கு மேல் தளர்த்தினால் தொங்கிவிடும் என்கிற இடத்தில் நிறுத்துவான். அதை ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி, குமிழைத் திருகுகிற வரைக்கும் திருகிவிட்டு, ஒரே ஒரு தட்டு தட்டுவான். அடுத்த தட்டுக்கு அவனுக்கு அவசரமே கிடையாது. ஆகஸ்ட் மாதத்தில் பேயூ கால்வாய்த் தண்ணீர் எந்த வேகத்தில் நகருமோ, அந்த வேகம்தான் அவன் பாட்டுக்கும். நடுநடுவே பாடவும் செய்வான். அதைப் பாட்டு என்று அவன் சொன்னால் நாமும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தச் சத்தம் தினமும் சாயங்காலம் புறப்படுகிற இடம், அவன் அக்கா ஏர்லீன் வீட்டுக் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகை. ஹூமா ஊருக்குத் தெற்கே, கடலைப் பார்த்து ரோடு போகப்போக ஒல்லியாகி இரண்டு பக்கமும் சதுப்பாகிவிடுகிற இடத்தில், அந்த வீடு தூண்கள் மேல் நின்றது. சத்தம் தரை வழியாகத் தூணில் ஏறிச் சமையலறைக்கு வந்து அலமாரித் தட்டுகளை ஆட்டும். வேறு எவளாவது இருந்தால் தம்பியைப் பெட்டியோடு சேர்த்துத் தண்ணீரில் தள்ளியிருப்பாள். ஏர்லீன் தட்டுகளுக்கு நடுவே துணியை மடித்து வைத்துவிட்டு, அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டே சமைப்பாள். சத்தம் வந்தால் அவளுக்கு மூச்சு வரும். சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடுவாள். அக்காவுக்கும் தம்பிக்கும் அப்படித்தான் பேச்சு.

அந்தப் பேச்சு வந்த கதை நல்ல கதையில்லை. டெல்மர் கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற ரிக்கில் வேலை பார்த்தவன். நல்ல சம்பளம், நல்ல உடம்பு, கொஞ்சம் வாய்க்கொழுப்பு. ஒரு நாள் குழாய் ஒன்று சங்கிலியிலிருந்து நழுவி அவன் முதுகில் விழுந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலி போனது, மாத்திரை போகவில்லை. டாக்டர் கொடுப்பதை நிறுத்தியபோது, கொடுப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மாத்திரை பொடியாக மாறியது, பொடியில் சிட்டிகையே ஆளைக் கொல்லும் ஃபெண்டானில் சேர்ந்தது. மனைவி டெக்சஸுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு புயல் வந்து அவன் வீட்டுக் கூரையையும் எடுத்துக்கொண்டு போனது. மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே கிடந்தான்.

ஒரு நாள் ஏர்லீன் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது அந்த வீடு அமைதியாக இருந்தது. டெல்மர் இருக்கும் இடத்தில் டிவி, ரேடியோ, அவன் வாய், ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. குளியலறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மூக்கில் போதை முறிக்கும் மருந்தடித்து அவனை எழுப்பினார்கள். எழுந்தவன் போதையைக் கெடுத்துவிட்டதாக அவர்களையே திட்டினான். அன்றிலிருந்து ஏர்லீனுக்கு அமைதி என்றாலே குலை நடுங்கும். மூக்கில் அடிக்கிற மருந்து கைப்பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கரண்டியாக ஒன்று என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

லஃபாயெட்டில் போதைச் சிகிச்சை முடித்துத் திரும்பியவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். காலையில் போதை ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் ஒரு மருந்து. பகலில் படகுத்துறையில் டீசல் போடுகிற வேலை. அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. வேலை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு பொழுது இருக்கிறதே, அதுதான் எமன். கை நிலைகொள்ளாது, கால் வாசலைப் பார்க்கும், யார் பேசினாலும் எரிந்து விழுவான். அந்தப் பொழுதில் அவனைக் கொட்டகைக்குள் தள்ளி, பழைய கிட்டாரைக் கையில் கொடுத்தவன் மர்ஃபி பில்லியட். ஏர்லீனின் கணவன், படகுப் பட்டறையில் வெல்டர், மிச்ச நேரத்தில் ட்ரம்ஸ் அடிக்கிறவன். மைத்துனனும் மச்சானுமாக இரண்டே பேர் கொண்ட குழு அப்படித்தான் உருவானது. அதற்குப் பெயர் மட்டும் நிலைக்கவில்லை. வாராவாரம் புதுப் பெயர் வைத்துச் சண்டை போடுவார்கள்.

முதல் நாளே ஏர்லீன் கொட்டகை வாசலில் நின்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ உள்ள என்ன பண்றேன்னு நான் வந்து வந்து எட்டிப் பாக்க மாட்டேன். ஆனா எனக்குச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா வருவேன். கதவ ஒடச்சுக்கிட்டு வருவேன்."

"ஒண்ணுக்குப் போனா?"

"கத்திட்டுப் போ."

சொன்ன சொல் தவறாதவன் டெல்மர். ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் போனான். தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு ஒலீடா அம்மாள், கணவன் போன பிறகு தனியாக இருக்கிறவள், முதல் வாரமே ஷெரீஃப் ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம், அந்த அறிவிப்பைத்தான் தாங்க முடியவில்லையாம். ஏர்லீன் வேலி ஓரம் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். தம்பி ஏன் வாசிக்கிறான், சத்தம் ஏன் நிற்கக்கூடாது, எல்லாம். ஒலீடா அம்மாள் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் புகார் வரவில்லை. டெல்மர் வேலையிலிருந்து கொஞ்சம் பிந்தி வந்தால், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்விதான் வரும்: "ஏம்மா, இன்னிக்கு என்ன எஞ்சின் ஸ்டார்ட் ஆகல?"

டெல்மர் தேறினான். சொன்னால் கண்பட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. மர்ஃபியைக் கேலி செய்ய ஆரம்பித்தான். மச்சான் ட்ரம்ஸ் அடிப்பது பட்டறையில் தகரம் நிமிர்த்துவது போலவே இருக்கிறது என்றான். ஒரு நாள் ஏர்லீனிடம், அந்த அடித்தொண்டைச் சத்தம் நெஞ்சுக்குள் வந்து, முன்னால் மருந்து உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். அந்தக் கொட்டகைக்குள் என்ன நடந்ததென்று அவளுக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் அவசியப்படவில்லை. இந்த ஜென்மத்தில் தம்பி பிழைத்தால் போதும், அவன் எதைப் பிடித்துக்கொண்டு கரையேறினாலும் சரி.

ஹூமாவில், திபோடோவில் என்று சின்னச் சின்ன பார்களில் வாசித்தார்கள். பாரில் வாசிக்கிறவன் குடிக்காமல் வருகிறானா என்று பார்க்க ஏர்லீனும் கூடவே போனாள். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் டெல்மர் மாதிரியே படுகுழியிலிருந்து ஏறி வந்தவர்கள். முதுகு உடைந்தவர்கள், படகை விற்றவர்கள், மகனைப் புதைத்தவர்கள். பாட்டு முடிந்ததும் வரிசையாக வந்து அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதாக ஏர்லீனுக்கு ஞாபகமில்லை. பேசினாலும் யாருக்கும் காது கேட்டிருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஃபோன் வந்தது. பெரிய விழாவாம், பெரிய மேடையாம், இவர்கள் வர முடியுமா என்று கேட்டார்கள். குழுவின் பெயர் என்ன போட வேண்டும் என்றதற்கு மர்ஃபி திருதிருவென்று விழித்து, யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். டெல்மர் ஃபோனை வாங்கி மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டான். அப்புறம் அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். முதுகு என்னாவது என்று அவள் கத்தியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்குப் போய்க் கம்பி வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கம்பியோடு திரும்பியும் வந்தான். நேராகக் கொட்டகைக்குப் போய்க் கொசு வராமல் கதவைச் சாத்திக்கொண்டான். சத்தம் கிளம்பியது.

வீட்டுக்குக் கீழே தூண்களுக்கு நடுவே ஏர்லீன் பெரிய பானையில் நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷச் செய்தி வந்த வீட்டில் நண்டு இல்லாமல் எப்படி? மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் உள்ளே குதித்துக்கொண்டிருந்தன, மிளகாய்க் காரம் கண்ணில் ஏறியது. மர்ஃபி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ட்ரம்ஸ் குச்சியால் தன் முழங்காலிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தான். டெல்மர் வழக்கமான கனத்த தட்டுகளில் ஆரம்பித்து, வழக்கத்தைவிட மெதுவாக, இன்னும் மெதுவாகப் போய், கடைசியில் ஒரே சுருதியில் வந்து நின்றான். அந்தச் சுருதி ஓயவே இல்லை.

அந்த மாதிரி இசையில் சுருதியை இழுத்துப் பிடிப்பது புதிதில்லை. பெட்டிக்கு முன்னால் கிட்டாரைக் கொண்டுபோனால் பெட்டியின் சத்தம் கம்பியை ஆட்டும், கம்பி பெட்டியை ஊளையிட வைக்கும், அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் கெட்டிக்காரத்தனம். ஆனால் டெல்மரால் இவ்வளவு நேரம் பிடிக்க முடிந்ததேயில்லை. எங்கேயாவது பிசிறும், கரகரத்து அறுந்துபோகும், அவன் கெட்ட வார்த்தை சொல்வது மைக்கில் கேட்கும். இன்று அறுந்துபோகவேயில்லை. அடியில் அந்தப் பெரிய முனகல் அசையாமல் இருக்க, அதற்கு மேலே மெல்லிசாக இன்னொரு குரல் தானாகக் கிளம்பி வந்தது. அதற்கும் மேலே இன்னொன்று.

மர்ஃபி தாளம் போடுவதை நிறுத்திவிட்டான். "ஏய், கேக்குறியா?" என்றான் ரகசியம் போல. "உன் தம்பி எங்கியோ போயிட்டான்டி." பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினான்.

ஏர்லீன் அடுப்பைக் குறைத்தாள். சாப்பிடக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம், இப்படி வாசிக்கும்போது கூப்பிடக்கூடாது என்று விட்டுவிட்டாள். ஒலீடா அம்மாள் தன் வாசல் நாற்காலியிலிருந்து எழுந்து வேலிக்கு வந்து, இன்று என்னம்மா மாதா கோவில் மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். ஏர்லீன் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. காரத்தில் வந்த கண்ணீர் என்று யாரும் ஏமாற மாட்டார்கள், நன்றாகவே அழுதாள். அவனுக்கு முதுகு உடைந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, உட்கார்ந்து கேட்க வேண்டிய பாட்டு என்று முதல்முறையாக அதைக் கேட்டாள்.

மர்ஃபியால் சும்மா இருக்க முடியவில்லை. இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரம்ஸ் அடிக்கிறவன் எப்படி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பான்? குச்சிகளை எடுத்துக்கொண்டு, சத்தத்தைக் கலைத்துவிடக் கூடாதென்று பூனை போல் நடந்து போய்க் கதவைத் திறந்தான். உள்ளே போனான். உடனே வெளியே வந்தான். வாசலில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினான். வாய் திறந்து மூடியது. கதவு திறந்ததில் சத்தம் இன்னும் பெரிதாகிக் கொல்லையை நிரப்பியிருந்தது, அதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஏர்லீன் பக்கத்தில் கிடந்த கரண்டியைத் தூக்கி அவனுக்குப் பதிலுக்கு ஆட்டினாள். சிரித்தாள். வேலியில் ஒலீடா அம்மாளும் கை தட்டினாள். மர்ஃபி மறுபடி கையை ஆட்டினான். இவள் எழுந்து நின்று ஒரு ஆட்டம்கூடப் போட்டாள். அவன் புல்லில் விழுந்தெழுந்து தன் பக்கமாக ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அவன் முகம் தெரிந்தது.

டெல்மர் பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான், தலை மார்பில் தொங்க, காலடியில் பிரித்த பொடிப் பொட்டலம் கிடக்க. கிட்டார் அவன் மடியிலிருந்து நழுவி, பெட்டியின் முகத்தில் கம்பிகள் பட்டும் படாமலும் சாய்ந்து, தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவன் கை அதன் பக்கத்திலேயே இல்லை. ஏர்லீன் அவனைத் தரையில் இழுத்துப் போட்டாள். வண்டியிலிருந்து எடுத்து வந்த மருந்தை மூக்கில் அடித்தாள். மார்பை அமுக்கினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மர்ஃபி ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கூப்பிட, எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் வெளியே ஓடினான். அந்த அழகான சத்தம் மட்டும் அவர்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு வந்த ஒலீடா அம்மாள்தான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

இரண்டாவது மருந்தும் அடித்த பிறகு, அந்த அமைதியில், குறட்டை மாதிரி ஒரு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் யாரையும் திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். ஏர்லீனும் ஏன் என்று கேட்கக் கூடாதென்றுதான் நினைத்தாள். சிகிச்சை நிலையத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் வாய் கேட்டுவிட்டது.

"தெரியலக்கா," என்றான். "ஃபோன் வந்துச்சுல்ல. சந்தோஷமா இருந்துச்சு. அத எங்க வெக்கிறதுன்னு தெரியல. துக்கம்னா எனக்குப் பழக்கம், வாசிச்சுத் தள்ளிருவேன். இதுக்கு எங்கிட்ட பாட்டே இல்ல."

அவள் அவன் காலைப் பிடித்துவிட்டாள். துக்கத்திலிருந்து காப்பாற்றத்தான் அவள் வழி தேடி வைத்திருந்தாள். ஒருவனைச் சந்தோஷத்திலிருந்து எப்படிக் காப்பாற்றுவது? நல்லது எதுவும் நடக்காதபடி பார்த்துக்கொள்ள முடியுமா?

திரும்பி வந்த பிறகு பழைய பேச்சு செல்லுபடியாகவில்லை. சத்தம் கேட்கிறது, ஆனால் அதை நம்ப முடியவில்லை. அமைதி அவளை ஒருமுறை மிரட்டியது, சத்தம் அவளை ஏமாற்றியே விட்டது. நண்டுப் பானைக்குப் பக்கத்தில் தான் ஆடிய ஆட்டம் அவளுக்கு நினைவு வரும்போதெல்லாம் உடம்பு கூசியது. அவன் சாகக் கிடந்த நேரத்தில் அவள் ரசித்துக்கொண்டிருந்தாள். அதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? மர்ஃபியிடம் சொன்னால், நானும் அப்படித்தானே ரசித்தேன் என்பான்.

ஆகவே கொட்டகைக்குள்ளேயே போய் உட்கார ஆரம்பித்தாள். நண்டுக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, மர்ஃபியின் பட்டறைக் காதடைப்பான்களை மாட்டிக்கொண்டு, தம்பியின் விரல்களைப் பார்த்தபடி இருப்பாள். அவன் முதலில் கூசினான். அப்புறம் ஜெயில் வார்டன் வந்தாச்சு என்று மைக்கில் அறிவித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினான். காலை மருந்தை ஒழுங்காக வைத்துக்கொண்டான், வேலைக்குப் போனான், வாரக் கூட்டத்துக்குப் போனான். சுத்தமாக இருந்தான். அதிலே பொய் இல்லை.

நியூ ஆர்லியன்ஸ் விழா நெருங்கியபோது, கடைசிப் பாட்டை எப்படி முடிப்பது என்று மச்சானும் மைத்துனனும் கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அன்று நான் என்ன வாசித்தேன், ஞாபகமே வரவில்லை என்று டெல்மர் சொன்னான். மர்ஃபிக்குப் பொய் சொல்ல வராது. முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருக்கும். பதிவை அழித்துவிடு என்று ஏர்லீன் சொல்லியிருந்தாள், அழித்துவிட்டேன் என்று அவனும் தலையாட்டியிருந்தான். தலையாட்டியது மட்டும்தான்.

டெல்மர் அவன் ஃபோனை வாங்கி, அந்தப் பதிவைக் காதில் வைத்துக் கேட்டான். முடிந்ததும் மறுபடி கேட்டான். ஏர்லீன் காதடைப்பானைக் கழற்றினாள், என்ன கேட்கிறான் என்று அவளுக்கு அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது யாரு?" என்றான்.

"நீதான்," என்றான் மர்ஃபி.

"நான் இல்ல மச்சான். நான் அப்ப இல்லவே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான், பயப்படுகிற சிரிப்பு இல்லை. "நான் இத்தன வருஷம் தேடுனது இதத்தான். நான் கைய எடுத்தப்புறம் வந்துருக்கு பாரு."

அன்று ராத்திரி ஏர்லீனுக்கும் மர்ஃபிக்கும் நடந்த சண்டையில் அவள் ஃபோனை உடைக்கப் பார்த்தாள். இனிமேல் கொட்டகையே வேண்டாம், கிட்டாரை விற்றுவிடலாம் என்றாள். மர்ஃபி கத்தவில்லை. அதையும் பிடுங்கிவிட்டால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது, அந்தச் சாயங்காலப் பொழுதை அவன் எதை வைத்துத் தாண்டுவான் என்று கேட்டான். அவள் ஃபோனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் தினமும் டெல்மர் அந்தச் சுருதியைத் தேடினான். பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்று பார்த்தான், ஒட்டி நின்று பார்த்தான், முதுகைக் காட்டி நின்று பார்த்தான். வரும், ஆனால் கை இருக்கிற வரைக்கும் எங்கேயோ பிசிறிவிடும். கிட்டாரை மட்டும் பெட்டியில் சாய்த்துவிட்டு விலகி நின்றான். அப்போது வெறும் ஊளைதான் வந்தது, மேலே கிளம்பும் அந்த மெல்லிய குரல்கள் வரவில்லை. ஒவ்வொரு தடவை அறுந்துபோகும்போதும் அவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஒவ்வொரு தடவையும் கூடை மேல் உட்கார்ந்திருந்தவள் உள்ளுக்குள் நன்றி சொன்னாள். தம்பி ஜெயிக்க வேண்டும் என்று எத்தனையோ மெழுகுவர்த்தி ஏற்றியவள், இப்போது இவனுக்கு இது மட்டும் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிசிறினால் கை இருக்கிறது. கை இருந்தால் ஆள் இருக்கிறான்.

விழாவுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், மர்ஃபி இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை. டெல்மர் பெட்டியைச் சுற்றி வந்து அதன் முகத்தைத் தட்டிப் பார்த்தான். பிறகு, இதிலே என் கனமும் சேர்ந்திருக்க வேண்டும் அக்கா, அதுதான் விட்டுப்போகிறது என்று ஏதோ கணக்குச் சொல்வது போல் சொன்னான். அவளுக்கு அது என்னவென்று புரிவதற்குள், பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். முதுகைப் பெட்டியில் ஒரு பக்கமாகச் சாய்த்தான். ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கிட்டாரை மடியிலிருந்து மெல்ல நழுவ விட்டான். தலை மார்பில் இறங்கியது. கை பக்கத்தில் விழுந்து, உள்ளங்கை மேலாகத் திறந்து கிடந்தது.

வந்துவிட்டது. அடியில் அந்த முனகல், மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. பதிவில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒலீடா அம்மாள் அந்தச் சுருதியை அடையாளம் கண்டு கதவை அறைந்து சாத்துவது ஜன்னல் வழியே தெரிந்தது.

ஏர்லீன் கூடையிலிருந்து எழுந்தாள். இது நடிப்பு, இப்போதுதான் பேசினான், காலையில் அவன் மருந்து வைத்துக்கொண்டதைப் பார்த்தாய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கால் நம்பவில்லை. டெல்மர் என்று கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. அசைந்தால் சுருதி போய்விடும் என்று அசையாமல் இருக்கிறானா, அசைய முடியாமல் இருக்கிறானா? இரண்டுக்கும் பார்ப்பதற்கு ஒரே உருவம்தான். அவள் மண்டியிட்டு அவன் சட்டைக்குள் கை விட்டு நெஞ்சில் வைத்தாள். பெட்டியின் அதிர்வில் அவன் நெஞ்சும் அதிர்ந்தது, அவள் கையும் அதிர்ந்தது, தரையும் அதிர்ந்தது. அதில் எது மூச்சு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அப்போது அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். வாய் அசைந்தது. சத்தத்தில் கேட்காவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது: வந்துடுச்சுக்கா.

அவள் தலையாட்டினாள். அவன் பார்க்கவில்லை. இதை நிறுத்தினால் அவன் எதைத் தேடிப் போவான் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தாவிட்டால் எங்கே போய்ச் சேர்வான் என்பதும் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆவதற்கில்லை. நியூ ஆர்லியன்ஸில் அத்தனை ஜனங்களுக்கு முன்னால் இவன் இப்படித்தான் உட்காரப் போகிறான், அவர்கள் அழுதுகொண்டே கை தட்டப் போகிறார்கள், இவள் மேடைக்குக் கீழே நின்று இவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள். கையை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சுருதி தானாக ஓய்கிற வரைக்கும் அவன் நெஞ்சில் கையை வைத்தபடியே அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.